பல் கிளினிக் கதிரையில் ஏற முடியாதவர்கள்: பேச்சாலும் பயிற்சியாலும் இந்தப் பயம் குறையுமா?

பல்லுக்கொதி என்று கிளினிக்குக்குப் போனவர் கதிரையில் இருக்கவே மறுக்கிறார். பல் வைத்தியர் மனநலப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுக்கிறார். அதன் பிறகு வீட்டில் என்ன பேச்சு எழும் என்பது வன்னியில் எவருக்கும் தெரியும். "எனக்கென்ன விசரோ?" என்பார் அவர். "பல்லைப் புடுங்கினாச் சரி, இதுக்கேன் மனநல டொக்டர்?" என்பார் கூடப் போனவர்.

இரண்டுமே நியாயமான கேள்விகள். முதற் கேள்விக்கு இல்லை என்பதே விடை. பற்சிகிச்சையின் மீதான கடும் பயம் உலகெங்கும் அறியப்பட்ட ஒரு பயநோய். அது விசரும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. இரண்டாவதற்கு விடை கொஞ்சம் நீளமானது. பயம் எப்படி உண்டாகிறது, ஏன் வருடங்கள் போனாலும் குறையாமல் கூடுகிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும்.

எது சாதாரணப் பயம், எது பயநோய்?

பல் வைத்தியரின் கதிரையில் கை வியர்க்காதவர் குறைவு. பயந்து பயந்தாவது போய் வாயைத் திறக்கிறவருக்கு மனநலச் சிகிச்சை தேவையில்லை. பொறுமையான பல் வைத்தியர் ஒருவர் போதும். இந்தக் கட்டுரை பேசுவது வேறு ஆட்களைப் பற்றி. கன்னம் வீங்கி இரவிரவாக நித்திரை இல்லாமல் இருந்தும் கராம்பு எண்ணெயோடும் பனடோலோடும் சமாளிப்பவர்கள். விடிய எழும்பிக் கிளினிக் வாசல்வரை போய், மருந்து மணம் மூக்கில் பட்டதும் திரும்பி வருபவர்கள். பயம் ஆபத்தின் அளவுக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்து, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, சிகிச்சையைத் தவிர்க்க வைத்து, வாழ்க்கையைக் குழப்பினால் அதை மனநல மருத்துவம் பயநோய் என்று கணக்கெடுக்கிறது.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021 இல் வெளியான மீளாய்வு ஒன்றின்படி, வளர்ந்தவர்களில் சுமார் 15 சதவீதத்தினருக்குப் பற்சிகிச்சைப் பயம் ஏதோ ஓர் அளவில் உண்டு. கடும் பயம் உள்ளவர்கள் 3 சதவீதத்துக்குச் சற்று மேல், அதாவது கிட்டத்தட்ட முப்பது பேருக்கு ஒருவர். போரும் இடப்பெயர்வும் கண்ட ஊர்களில் இந்த எண் இதைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

அளவிடுவதற்கு எளிய கருவி ஒன்று இருக்கிறது. 1969 இல் நான்கு கேள்விகளோடு வந்த அளவுகோல் ஒன்றை 1995 இல் திருத்தி, ஊசி பற்றிய ஐந்தாவது கேள்வியையும் சேர்த்தார்கள். பின்வருவனவற்றை நினைக்கும்போது எவ்வளவு பயம் வருகிறது என்பதற்கு 1 முதல் 5 வரை புள்ளி இட வேண்டும்:

1. நாளைக்குப் பல் வைத்தியரிடம் போக வேண்டும்.
2. காத்திருக்கும் இடத்தில் உங்கள் முறை வரும்வரை இருக்கிறீர்கள்.
3. பல்லில் துளையிடப் போகிறார்கள்.
4. பல்லைச் சுரண்டித் துப்புரவாக்கப் போகிறார்கள்.
5. மேல் கடைவாய்ப் பல்லுக்கு மேலே, முரசில் விறைப்பூசி போடப் போகிறார்கள்.

மொத்தம் 5 க்கும் 25 க்கும் இடையில் வரும். 19 அல்லது அதற்கு மேல் என்றால் கடும் பயம். இதை நிரப்ப இரண்டு மூன்று நிமிடம் போதும். கேட்பதால் பயம் கூடுவதும் இல்லை. இதில் ஒரு குறை உண்டு: பல் பிடுங்குவது பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. வன்னியில் இதைப் பயன்படுத்துகிறவர் அதையும் வாயால் கேட்டுக்கொள்வது நல்லது. இங்கே பெரும்பாலானோருக்குப் பல் கிளினிக் என்றாலே பல் பிடுங்குமிடம்தான்.

பயம் படிகிற விதம்

பயநோய் உள்ள பலரிடம் கேட்டால், சின்ன வயதில் பட்ட ஒரு நோவைச் சொல்வார்கள். விறைக்க முன்னம் இழுத்தது, கையைக் காலைப் பிடித்து வைத்துப் பிடுங்கியது, அழுததற்கு ஏச்சு வாங்கியது. சிலருக்குத் தங்கள் அனுபவமே இல்லை. தாயோ அண்ணனோ பட்டதைப் பார்த்தது அல்லது கேட்டது மட்டும்தான்.

ஆனால் ஒரே நோவு எல்லோரையும் ஒரே மாதிரித் தாக்குவதில்லை. இதற்கு உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. முதலில் பல தடவை நோவில்லாமல் போய் வந்த ஒருவருக்கு, பிறகு ஒரு நாள் நொந்தாலும் அது 'ஒரு கெட்ட நாள்' என்றே மனதில் பதியும். முதல் தடவையே நொந்தவருக்கு அந்த நோவுதான் பல் கிளினிக்கின் முழு அர்த்தம். இன்று 35 இலிருந்து 50 வயதுக்குள் இருக்கும் வன்னியார் பலரின் பாடசாலைக் காலம் இடப்பெயர்விலும் மரநிழல் வகுப்புகளிலும் போனது. சும்மா பல்லைக் காட்டிவிட்டு வரும் நோவில்லாத வருகைகள் அவர்களில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்? பல் வைத்தியரை முதன்முதல் கண்டதே சீழ் வைத்து, இனித் தாங்க ஏலாது என்ற நாளில்தான். பயம் படிவதற்கு இதைவிடத் தோதான ஒழுங்கைத் திட்டமிட்டாலும் அமைக்க முடியாது.

படிந்த பயம் தானாகக் கரைவதும் இல்லை. 1984 இல் சுவீடனின் பல் வைத்தியர் உல்ஃப் பெர்கிரனும் சக ஆய்வாளரும் இதை ஒரு சுழலாக விவரித்தார்கள். அதைக் கொஞ்சம் விரித்தால் இப்படி:

1. பயத்தால் போகாமல் விடுகிறார். விட்ட கணமே நெஞ்சு இலேசாகிறது. அந்த ஆறுதல்தான் அடுத்த முறையும் போகாமல் விடப் பழக்குகிறது.
2. போகாததால் சிறு சூத்தை பெரிதாகிறது. அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பல், பிடுங்க வேண்டிய பல்லாகிறது.
3. வீங்கிப் பழுத்த பிறகு போகிறார். அழற்சி கண்ட இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும். விறைப்பு மருந்து நரம்புக்குள் புகுவது அங்கே குறையும். எனவே ஊசி போட்டும் நோகிறது.
4. 'நான் நினைச்சது சரிதான்' என்று பயம் உறுதியாகிறது.
5. வாய் மணம், கறுத்த பல், சிரிக்கும்போது வாயைப் பொத்துவது என்று வெட்கம் சேர்கிறது. இப்போது ஊசிக்கு மட்டுமல்ல, 'ஏன் இவ்வளவு நாளும் வரேல்ல?' என்று டொக்டர் ஏசுவாரே என்பதற்கும் பயம்.

மூன்றாவது படியை அடிக்கோடிட வேண்டும். பிந்திப் போனவருக்கு உண்மையிலேயே கூட நோகிறது. 'சும்மா பயப்பிடாதையுங்கோ' என்று சொல்வது அவருடைய அனுபவத்தைப் பொய் என்று சொல்வதாகும், அதனால்தான் அந்த வார்த்தை ஒருநாளும் வேலை செய்வதில்லை.

இன்னொரு சின்ன விடயம். விறைப்பு மருந்தோடு சிறிதளவு அட்ரினலின் கலந்திருப்பது வழக்கம். 80,000 இல் ஒரு பங்கு என்பது பரவலாகப் பயன்படும் அளவு. ஊசி போட்டுச் சில கணங்களில் நெஞ்சு படபடக்கலாம். தெரிந்தவருக்கு அது மருந்தின் வேலை. தெரியாதவருக்கு 'உயிர் போகுது' என்ற அறிகுறி. முன்கூட்டியே சொல்லப்படும் ஒரு வசனம் இங்கே ஒரு குளிசையின் வேலையைச் செய்யும்.

வன்னியின் கூடுதல் பாரம்

பல் கதிரையில் நடப்பதைப் பயமில்லாதவர் கண்ணால் பார்க்காமல், போர் கண்டவர் உடலால் யோசித்துப் பார்க்க வேண்டும். மல்லாக்கச் சாய்த்து வைக்கிறார்கள். முகத்தில் வெளிச்சம் அடிக்கிறார்கள். முகமூடி போட்ட ஒருவர் தலைக்கு மேலே குனிகிறார். வாயைத் திறந்தபடி வைத்திருப்பதால் பேச முடியாது. இரத்தம் சுவைக்கிறது. உலோகச் சத்தம். தண்ணீர் தொண்டைக்குள் போய் மூச்சு முட்டுவது போலிருக்கிறது. தடுத்து வைக்கப்பட்டவர், விசாரிக்கப்பட்டவர், பாலியல் வன்முறைக்கு உள்ளானவர், 2009 இல் மயக்க மருந்து போதாத இடத்தில் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டவர் எனப் பலருக்கு இந்தப் பட்டியலில் ஒன்றாவது முன்பு நடந்த ஒன்றைத் தொட்டு எழுப்பும்.

வன்னியில் போர் விட்டுச்சென்ற கூட்டு மனவடு பற்றி உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். மனவடுவுக்கும் பல் கதிரைக்கும் உள்ள தொடர்பு வேறெங்கோ நடைமுறைத் திட்டமாகவே ஆகியிருக்கிறது. நோர்வேயில் சித்திரவதைக்கு உள்ளானவர்கள், பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள், பற்சிகிச்சைக்குக் கடும் பயம் உள்ளவர்கள் ஆகிய மூன்று தரப்பினருக்கும் ஒரே பொதுத் திட்டம் உண்டு. பல் வைத்தியரும் உளவியலாளரும் ஒரே குழுவாக வேலை செய்கிறார்கள். நோர்வேயில் உறவு வைத்திருக்கும் வன்னிக் குடும்பங்கள் கொஞ்சநஞ்சமல்ல. இப்படி ஒன்று அங்கே இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

ஆகவே ஒரு வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும். ஊசிக்கும் நோவுக்கும் மட்டும் பயம் என்றால் கீழே வரும் சிகிச்சை நேராகவே பொருந்தும். கெட்ட கனவு, திடீரென்று பழைய சம்பவம் கண்முன் நடப்பது போன்ற உணர்வு, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல் ஆகியவையும் கூட இருந்தால், பல் பயம் ஒரு கிளை மட்டுமே. அப்போது மனநலப் பிரிவோடு சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும். மனவடுவுக்கான சிகிச்சை முன்னால் அல்லது கூடவே போக வேண்டும்.

சிகிச்சை என்றால் என்ன செய்கிறார்கள்?

அதிக சான்று உள்ளது அறிகை நடத்தைச் சிகிச்சை. பெயர் பாரமாக இருந்தாலும் செய்யும் வேலை இரண்டுதான்: பயத்தைத் தாங்கி நிற்கும் எண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பது, பயப்படும் விடயத்தைச் சிறு படிகளாக உடைத்து, தன் கட்டுப்பாட்டில் எதிர்கொண்டு பழகுவது. பேச்சு குறைவு, பயிற்சி கூட.

*எண்ணத்தைச் சோதித்தல்.* 'மேல் பல்லைப் புடுங்கினால் கண் பார்வை போகும்' என்ற நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்களில் இதைக் கேட்காத குடும்பம் இல்லை. உளவளத்துணையாளர் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் வேலை கெட்டுப்போகும். 'எப்படி அது நடக்கும் என்று நினைக்கிறீங்கள்?' என்று கேட்பார். பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பு என்பார் வந்தவர். மூளையிலிருந்து புறப்படும் நரம்புச் சோடிகளில் பார்வைக்குரியது இரண்டாவது. பல்லுக்கும் முரசுக்கும் போவது ஐந்தாவதின் கிளைகள். பல் பிடுங்கும்போது பார்வை நரம்பைத் தொடவே வழியில்லை. மேல் பல்லுக்கு ஊசி போட்டால் சிலவேளை கன்னமும் கீழ் இமையும் கொஞ்ச நேரம் விறைக்கும். விறைப்பு இறங்க அதுவும் போய்விடும். அதை யாரோ அனுபவித்ததும், பல் விழும் வயதும் கண்ணில் புரை வளரும் வயதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதும் இந்த நம்பிக்கையை வளர்த்திருக்கலாம். பிறகு அடுத்த கேள்வி வரும்: 'உங்களுக்குத் தெரிஞ்ச ஆட்களில் மேல் பல்லுப் புடுங்கின எத்தனை பேர் இருக்கினம்? அவையின்ர கண் எப்படி?' விடையை அவரே தேடி வர வேண்டும். சொல்லிக் கொடுத்த விடையை விடத் தானே கண்டு வந்தது நிலைக்கும்.

*படியேற்றம்.* பயத்துக்கு 0 முதல் 100 வரை புள்ளி கொடுத்துப் படிகளை வரிசைப்படுத்துவார்கள். ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயி ஒருவர், நாற்பத்தைந்து வயது, பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கிளினிக் பக்கம் போகாதவர் என்று ஓர் ஆளைக் கற்பனை செய்துகொண்டால், அவருடைய வரிசை இப்படி அமையலாம்:

1. துளையிடும் மெஷினின் சத்தத்தைத் தொலைபேசியில் வீட்டிலிருந்து கேட்டல்: 25.
2. சனம் இல்லாத நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல் கிளினிக் வாங்கிலில் அரைமணி இருந்துவிட்டு வருதல்: 35.
3. நிமிர்த்திய கதிரையில் வாயை மூடியபடி ஐந்து நிமிடம் இருத்தல்: 50.
4. சாய்த்த கதிரையில் சின்னக் கண்ணாடியால் மட்டும் பார்க்க விடுதல்: 60.
5. ஊசி பூட்டாத சிரிஞ்சைக் கையில் வாங்கிப் பார்த்தல், பிறகு அதை முரசருகே கொண்டுவர விடுதல்: 75.
6. விறைப்பு ஜெல் பூசி, ஊசியை மெதுவாகப் போட விடுதல். அன்றைக்கு வேறொன்றும் செய்வதில்லை: 90.
7. சிறிய அடைப்பு ஒன்று: 95.

ஒவ்வொரு படிக்கும் முன் 'என்ன நடக்கும் என்று நினைக்கிறீங்கள்?' என்று கேட்டு எழுதி வைப்பார்கள். முடிந்த பின் 'என்ன நடந்தது?' என்று பக்கத்தில் எழுதுவார்கள். ஊசிப் படிக்கு முன் 'மயங்கி விழுவன், கத்துவன்' என்று எழுதியவர், பின்பு 'நுளம்பு கடிச்ச மாதிரி, பிறகு சொண்டு தடிச்சுப் போச்சு' என்று எழுதுவார். இந்த இரண்டு வரிக்கும் இடையிலான தூரத்தில்தான் சிகிச்சை நடக்கிறது. பயம் பூச்சியத்துக்கு இறங்க வேண்டும் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. எதிர்பார்த்த கேடு நடக்கவில்லை என்று உடம்பு கண்டுகொண்டால் போதும். ஒரு விதி மட்டும் கண்டிப்பானது: பயம் உச்சத்தில் இருக்கும்போது எழும்பி ஓடக்கூடாது. ஓடினால் தப்பியது ஓடியதாலேயே என்று மூளை கணக்கு வைக்கும். எனவே படி பெரிதாக இருந்தால் இரண்டாக உடைக்க வேண்டும். பாதியில் விடக் கூடாது.

*கட்டுப்பாடு.* கையை உயர்த்தினால் டொக்டர் உடனே நிறுத்துவார் என்ற ஒப்பந்தம் இதில் முக்கியமானது. அது வெறும் ஆறுதல் வார்த்தையாக இருக்கக் கூடாது. தொடங்க முன்னம் இரண்டு மூன்று தரம் கையை உயர்த்திப் பார்க்க வேண்டும், மெஷின் நிற்க வேண்டும். 'இன்னும் கொஞ்சம்தான், பொறுங்கோ' என்று ஒரே ஒரு முறை தொடர்ந்தாலும் ஒப்பந்தம் முறிந்துவிடும். அதன் பிறகு அந்த ஆளிடம் நம்பிக்கையை மீட்பது முதலிலிருந்து தொடங்குவதை விடக் கடினம்.

எவ்வளவு காலம் எடுக்கும்? லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பல் பிரிவில் இதற்கென்று ஒரு சேவை நடக்கிறது. அங்கே வந்த 130 பேரின் விபரம் 2015 இல் வெளியானது. சராசரி ஐந்து அமர்வுகள். 79 சதவீதத்தினர் மயக்க ஊசி எதுவுமில்லாமல் பற்சிகிச்சை செய்துகொண்டார்கள். 6 சதவீதத்தினருக்கு மட்டும் மயக்கத்தோடு செய்ய வேண்டியிருந்தது. சுவீடன் உளவியலாளர் லார்ஸ் யோரான் ஒஸ்ட் 1989 இல் விவரித்த முறையில் மூன்று மணி நேரம்வரை நீளும் ஒரே அமர்வில் படிகள் எல்லாவற்றையும் ஏறிவிடுவார்கள். நோர்வேயின் பேர்கனில் ஒரே அமர்வையும் ஐந்து அமர்வுகளையும் பல் பயத்துக்கு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரு வருடத்தின் பின் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பலனைக் காட்டின. முல்லைத்தீவுக் கரையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒருவருக்கு இந்தக் கணக்கு சின்ன விடயமல்ல. ஐந்து தரம் வருவதென்றால் ஐந்து நாள் கூலி போய்விடும்.

மயங்கி விழுபவர்களுக்கு வேறு வழி

பயந்தால் நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும். ஆனால் இரத்தத்தையும் ஊசியையும் கண்டு பயப்படும் சிலருக்கு முதலில் ஏறி, பிறகு திடீரென்று விழும். முகம் வெளிறி, கண் இருட்டி, சாய்ந்துவிடுவார்கள். இவர்களிடம் 'மூச்சை மெதுவா விட்டு உடம்பைத் தளர்த்துங்கோ' என்று சொல்வது தவறான அறிவுரை. தளர்த்தினால் அழுத்தம் இன்னும் இறங்கும்.

இவர்களுக்கு ஒஸ்டும் சக ஆய்வாளரும் 1987 இல் வெளியிட்ட தசை இறுக்கும் பயிற்சி உண்டு:

1. இருந்தபடியே கை, கால், வயிற்றுத் தசைகளை முழுப் பலத்தோடு இறுக்கவும். முகத்தில் சூடு ஏறும்வரை, சுமார் 10 முதல் 15 செக்கன்.
2. விட்டுவிடவும். முழுக்கத் தளராமல், சாதாரண நிலைக்கு மட்டும். 20 முதல் 30 செக்கன்.
3. ஐந்து தரம் செய்யவும்.

வீட்டில் சில நாள் பழகிவிட்டு, கிளினிக்கில் தலை சுற்றத் தொடங்கும்போது செய்ய வேண்டும். ஊசி ஏற்றும் கணத்தில் முகத்தையும் கழுத்தையும் மட்டும் இறுக்காமல் விடலாம். உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

'மயக்கிப்போட்டுப் புடுங்குங்கோ' என்றால் என்ன?

இதுதான் கிளினிக்குகளில் அதிகம் கேட்கும் வேண்டுகோள். உடனடித் தேவைக்கு அது சரியான வழியாக இருக்கலாம். ஆனால் பல் போகும். பயம் அப்படியே இருக்கும். 2000 இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்று, பல் சத்திரசிகிச்சை தேவைப்பட்ட பயநோயாளர் 50 பேரை எடுத்தது. ஒரு தரப்பினருக்கு ஓர் அமர்வு உளவியல் சிகிச்சை, ஒரு தரப்பினருக்குப் பதற்றத்தைத் தணிக்கும் மருந்து, மீதிப் பேருக்கு இரண்டும் இல்லை. சத்திரசிகிச்சை நேரத்தில் முதல் இரு தரப்பினருக்கும் பயம் குறைந்தது. அதன் பின்னர் தொடர்ந்து பற்சிகிச்சைக்கு வந்தவர்கள்: உளவியல் சிகிச்சை பெற்றோரில் 70 சதவீதம், மருந்து பெற்றோரில் 20, எதுவும் பெறாதோரில் 10. மருந்து அந்த ஒரு நாளைக் கடக்க வைத்தது. அடுத்த நாளுக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. முழு மயக்கத்துக்கு மயக்கவியல் வைத்தியரும் சத்திரசிகிச்சைக் கூடமும் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கண்ணில் மாட்டும் திரைக்கருவியில் பல் கிளினிக்கைக் காட்டிப் பழக்கும் முறைக்கு நல்ல முடிவுகள் வருகின்றன, ஆனால் நம் இடத்துக்கு அது இப்போதைக்குத் தேவையற்ற செலவு. உண்மையான கதிரையே இருக்கிறதே. ஹிப்னாசிஸுக்குச் சான்று அவ்வளவு பலமாக இல்லை. பழைய கெட்ட நினைவொன்றே பயத்தின் வேராக இருந்தால், கண்ணை இடம் வலமாக அசைத்தபடி அந்த நினைவை மீள எடுத்துச் செய்யும் சிகிச்சை உதவக்கூடும். 2013 இல் வந்த சிறிய ஆய்வொன்றில் அதைப் பெற்றோரில் பெரும்பாலானோர் ஒரு வருடத்தின் பின்னும் ஒழுங்காகப் பற்சிகிச்சைக்குப் போய்வந்தார்கள். பாட்டுக் கேட்பது, மூச்சுப் பயிற்சி ஆகியவை மிதமான பயத்துக்கு நல்ல துணை. கடும் பயத்துக்கு அவை மட்டும் போதாது.

வன்னியில் எங்கே தொடங்குவது?

லண்டனில் உள்ளது போன்ற தனிச் சேவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தேவையான ஆட்கள் தனித்தனியாக ஏற்கெனவே இருக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் பல் கிளினிக்கும் உண்டு, மனநலப் பிரிவும் உண்டு, இரண்டும் இலவசம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை அலுவலர்கள் இருக்கிறார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். இல்லாதது இவர்களுக்கிடையிலான தொடர்புதான், அதை நோயாளியே ஒரு துண்டோடு கொண்டு திரிய வேண்டியிருக்கிறது.

காலைக் கூட்டத்தில் ஒரு பல் வைத்தியருக்கு ஓர் ஆளுக்குக் கிடைப்பது சில நிமிடம். இந்த நிலையில் உளவியலாளர் இல்லாமலேயே செய்யக்கூடியவை உண்டு. என் பார்வையில் இவற்றில் முதலாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது:

1. புடுங்காத முதல் நாள். 'இண்டைக்குப் பார்க்கிறது மட்டும், ஊசி இல்லை' என்று டொக்டர் சொல்லி, சொன்னபடி நடப்பது. இதற்குச் செலவு ஐந்து நிமிடம்.
2. கூட்டம் கலைந்த நேரம். கடைசி ஆளாக வர விடுவது. மற்றவர் முனகலைக் கேட்டபடி வாங்கிலில் மூன்று மணி நேரம் இருக்கும்போது பயம் குறைவதில்லை.
3. மெதுவான ஊசி. ஜெல் பூசிக் காத்திருந்து, ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு நிமிடம் என்ற வேகத்தில் ஏற்றினால் நோவு வெகுவாகக் குறையும். அவசரமாக ஏற்றும் ஊசிதான் அதிகம் நோகும்.
4. சொல்லிவிட்டுச் செய்வது. என்ன செய்யப் போகிறேன், எவ்வளவு நேரம், என்ன சத்தம் வரும் என்று முன்னமே சொல்வது. மனவடு உள்ளவருக்குக் கதிரையை அரைவாசி மட்டும் சாய்த்து, கூட வந்தவரைப் பக்கத்தில் இருக்க விடுவது.

போகிறவர் தரப்பில் சொல்ல வேண்டியது ஒரு வசனம்: 'டொக்டர், எனக்குச் சரியான பயம், இண்டைக்குப் பார்க்க மட்டும் வந்தனான்.' இதைச் சொல்ல வெட்கமாக இருந்தால் கூடப் போகிறவர் சொல்லலாம், அல்லது ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கலாம். 'சின்னப் பிள்ளையள் மாதிரி' என்று பகிடி பண்ணும் உறவினரைக் கூட்டிக்கொண்டு போகாமல் விடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

படியேறக் காத்திருக்கக் கூடாத நேரங்கள்

மேலே சொன்னதெல்லாம் வாரக்கணக்கில் நடப்பது. சிலவற்றுக்கு அந்த அவகாசம் இல்லை.

தாடைக்குக் கீழே அல்லது நாக்கின் அடியில் வீக்கம், கூடவே காய்ச்சல், வாயைத் திறக்கவோ விழுங்கவோ கஷ்டம் என்றால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அந்த வீக்கம் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியது. பார்மசியில் வாங்கிய அன்ரிபயோட்டிக் வீக்கத்தை வற்ற வைத்தாலும் சீழின் ஊற்று பல்லின் வேரிலேயே இருக்கும். இப்படி வருபவர்களுக்கு மயக்கம் கொடுத்துச் செய்வதில் ஒரு தவறும் இல்லை. பயத்துக்கான பயிற்சியைப் பிறகு தொடங்கலாம்.

இரண்டாவது, வெற்றிலை போடுகிறவர்கள். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படர்ந்த இடம், முன்னைப் போல வாய் திறக்காமை ஆகியவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். பல் பயத்தால் இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: புண்ணை முதலில் பார்ப்பதற்கு ஊசி தேவையில்லை, மெஷின் தேவையில்லை, கதிரையைச் சாய்க்கவும் தேவையில்லை. வெளிச்சத்தில் வாயைத் திறந்து காட்டினால் போதும், அதைப் பல் கிளினிக்குக்குப் போகாமல் வெளிநோயாளர் பிரிவு டொக்டரிடமும் காட்டலாம்.